படிக்கணக்கும் பணக்கணக்கும்



குடும்பம் நடத்தும் நாம் அனைவரும் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு தீர்மானம் செய்துகொள்கிறோம். "இந்த மாதம் மளிகைச் செலவு இத்தனை ரூபாய்க்கு மேல் போகலாகாது" என்பதே அத்தீர்மானம். மூன்றாவது வாரத்தில் அது என்னவாயிற்று என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும் என்பது கணவனுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

சொந்த ஊரில் இருப்போருக்கு இத்தீர்மானம் தவறினாலும் தாங்கிக்கொள்ள இடமுண்டு. கிராமத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி வரும். அக்காள் வீட்டிலிருந்து ஒரு படி உளுந்து வரும். தலைமுறையாகப் பழகிய கடைக்காரர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்வார். பிழைப்பின்பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த ஆதரவுகள் இல்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் குறித்த நாளில் தந்தாகவேண்டியவை. மளிகைக் கணக்கு முறியுமானால் அதற்கு ஈடாக வெட்டப்படுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம், அல்லது பிள்ளைகளின் பால், அல்லது எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவளின் பங்கு. ஆகவே இது அடுப்பங்கரையோடு முடிந்துபோகும் சில்லறை விஷயமன்று.

'பட்ஜெட்' என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். பழைய பிரெஞ்சு மொழியில் அது ஒரு சிறு தோல் பையைக் குறித்தது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. கன்னடத்தில் இதனை 'ஆயவ்யய' என்பர். யுகாதியன்று பஞ்சாங்கம் படிக்கும்போது ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று சொல்லக் கேட்டிருக்கிறோமல்லவா? அதே சொல்தான் அது. திருவள்ளுவர் வரவையும் செலவையும் எங்கே பேசுகிறார் என்று பார்த்தால், பொருட்பாலில் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலே பேசுகிறார். அரசனுக்குச் சொன்ன அதிகாரம் அது. தன் படைவலியை அறிவது போலவே தன் கைவலியை அறிவதும் ஓர் அறிவு என்பது அதன் குறிப்பு. சிக்கனத்தைப் புலம்பலாகக் கருதாமல் வலிமையாகக் கருதிய மரபு நம்முடையது.

இவ்வறிவு எப்படி உண்டாகிறது என்பதைக் காண மாதேஸ்வரன் மலைக்குச் சற்றுச் சென்று வருவோம்.

கர்நாடகத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி எழுந்து நிற்கும் காட்டு மலைத்தொடரின் நடுவே மாதேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். ஏழு மலை என்றும், எழுபத்தேழு மலை என்றும் மக்கள் அதனைச் சொல்வதுண்டு. மைசூரிலிருந்து கொள்ளேகாலம், ஹனூர் வழியாக ஒரு பாதை; மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மற்றொரு பாதை. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய நாட்களிலும் அமாவாசைகளிலும் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கங்களிலிருந்து நம்மவர் பெருந்திரளாக அங்கே செல்கின்றனர். கன்னடத்திலும் தமிழிலும் ஒருசேர 'மாதப்பா' என்று அழைக்கப்படும் தெய்வம் அது.

இம்மலை அந்நாளில் அடங்கியிருந்த கொள்ளேகாலம் வட்டம் முன்னர்ச் சென்னை ராஜ்யத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது அது மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன்கீழ் வந்தது. மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் இன்றும் வீட்டில் தமிழ் பேசுவோர் உண்டு. அவர்கள் வீட்டை விட்டு நகரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. ஆகவே 'பிற மாநிலத் தமிழர்' என்னும் பெயருக்கு அவர்களும் உரியவர்களே. அவர்கள் வழக்கத்திலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு.

மலைமேல் வாழ்வோருக்கு மொத்தக் கடைவீதி என்பது மலைக்குக் கீழே உள்ளது. வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் இறங்கி, மூட்டையோடு மறுபடியும் ஏறவேண்டும். ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டிச்சத்தம் உண்டு. காட்டுக்குள்ளே இருக்கும் சிற்றூர்களுக்கோ நல்ல சாலை நெடுங்காலமாக வாய்க்கவில்லை, தலைச்சுமையே கதி. திருவிழா நாட்களில் பேருந்து முழுவதும் யாத்திரிகர் கூட்டம். இத்தகைய இடத்தில் "உப்புத் தீர்ந்துவிட்டது, ஓடிப்போய் வாங்கி வா" என்று சொல்வது எளிதன்று. ஆதலால் மலையூர்க் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை ரூபாய்?" என்பதன்று, "எத்தனை நாளைக்கு?" என்பதே.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வேற்றுமையைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். ரூபாயை முதலில் வைத்துப் போடும் கணக்கு, விலை அசைந்தவுடன் தானும் அசைந்துவிடும். அளவை முதலில் வைத்துப் போடும் கணக்கு அவ்வாறு அசைவதில்லை. தக்காளி விலை ஏறலாம். ஆனால் நம் வீட்டுக் குழம்புக்கு வேண்டிய புளிப்பின் அளவு ஏறுவதில்லை. நம் முன்னோர் படியையும் உழக்கையும் ஆழாக்கையும் வைத்து வீட்டை நடத்தினார்கள். மைசூர்ச் சீமையில் சேரும் பாவும் வழங்கின. 1957 ஏப்ரலில் நயா பைசாவும், 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகளும் நடைமுறைக்கு வரத் தொடங்கின. கிலோகிராம் வந்ததில் குறையொன்றுமில்லை. ஆனால் படி மறைந்தபோது, "ஒருவேளைக்கு ஒரு ஆழாக்கு" என்னும் அளவுணர்ச்சியும் பல வீடுகளில் உடன் மறைந்துவிட்டது. கிலோ என்பது கடையின் அளவு. ஆழாக்கு அடுப்பின் அளவு. இரண்டையும் இணைக்கும் பாலம் அறுந்துபோனால் கணக்கு நிற்காது.

இனி, ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்கு எவ்வளவு வேண்டும்? இதற்கு நம் நாட்டில் அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஒரு ஜாபிதா உண்டு. அதன் வேர் மற்றொரு மலையில், நீலகிரியில் இருக்கிறது. குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1935 முதல் பணியாற்றியவர் வாலஸ் அய்க்ராய்டு என்னும் அறிஞர். இந்திய உணவுப்பொருள்களின் சத்துக்களை அளந்து 1937இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பின்னாளில் வந்த பல திட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க அவர் வகுத்த உணவளவுகளையே ஆதாரமாகக் கொண்டது. மத்திய அரசின் ஏழாவது சம்பளக் கமிஷன் 2016 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 18,000 ரூபாய் என்று முடிவு செய்தபோதும் இந்த முறையையே கையாண்டது. மத்திய அரசுப் பணியில் இருக்கும் நம்மில் பலர், நம் சம்பளத்தின் அடியில் ஒரு மளிகை ஜாபிதா இருப்பதை அறியமாட்டோம்.

அந்த ஜாபிதாவைக் கேளுங்கள். கணவன் ஒரு பங்கு, மனைவி 0.8 பங்கு, இரு பிள்ளைகள் ஆளுக்கு 0.6 பங்கு, ஆக ஒரு குடும்பத்துக்கு 3 பங்கு. ஒரு பங்குக்கு நாளொன்றுக்கு அரிசி அல்லது கோதுமை 475 கிராம், பருப்பு 80 கிராம், பால் 200 மில்லிலிட்டர், எண்ணெய் 40 கிராம், சர்க்கரை அல்லது வெல்லம் 56 கிராம். மூன்று பங்குக்கு முப்பது நாளைக்குக் கணக்கிட்டால் தானியம் 42.75 கிலோ, பருப்பு 7.2 கிலோ, பால் 18 லிட்டர், எண்ணெய் 3.6 கிலோ, சர்க்கரை 5.04 கிலோ ஆகின்றன. காய், கீரை, பழம் இவற்றுக்குத் தனியே அளவுகள் உண்டு.

இந்த அளவுகளை அப்படியே பின்பற்றவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. உடலுழைப்புச் செய்வோருக்கு ஏற்ற தானிய அளவு, நாற்காலியில் அமர்ந்து எழுதுவோருக்கு மிகையாகும். சர்க்கரையும் அவ்வாறே. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய கருத்து. அதன்படி நடந்தால் ஜாபிதாவிலுள்ள சர்க்கரை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பணமும் மிச்சம், உடலும் மிச்சம். ஆயினும் இந்த ஜாபிதா நமக்கு ஒரு தராசாக உதவும். உதாரணமாக, 3.6 கிலோ எண்ணெய் என்றால் நாளொன்றுக்கு 120 கிராம். ஒரு கிலோ எண்ணெய் எட்டு நாள் வரவேண்டும். நம் வீட்டில் அது ஐந்து நாளில் தீர்கின்றதென்றால் காரணம் விலைவாசியன்று, வாணலி. எட்டு நாளுக்கு மேல் வருகிறதென்றால் நாம் நன்றாகவே நடத்துகிறோம் என்று பொருள்.

இப்போது செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, புதிய ஜாபிதா எழுதுமுன் பழைய டப்பாக்களைத் திறந்து பார்க்கவேண்டும். மாதக் கடைசி நாளில் மிச்சம் இருப்பதை அளந்து எழுதுவதே கணக்கின் தொடக்கம். துவரம் பருப்பு அரைக் கிலோ மிச்சமிருக்க, வழக்கத்தின்படி மேலும் இரண்டு கிலோ வாங்கி வண்டு பிடிக்க விடுவது பல வீடுகளில் நடப்பதே.

இரண்டாவது, சாமான்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கத்தக்கவை புளியும் மிளகாயும் போன்றன. புதுப்புளி தையிலிருந்து பங்குனிக்குள் இறங்கும். புதுமிளகாய் மாசி பங்குனியில் வரும். துவரை மார்கழி தையில் அறுவடையாகி வடகர்நாடகத்துக் கலபுரகிச் சந்தையில் குவியும். வரத்து மிகுந்த காலத்தில் வாங்கி வெயிலில் உலர்த்தி வைப்பவர்கள் ஐப்பசி கார்த்திகையில் விலைக்கு அஞ்சவேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வாங்கத்தக்கவை அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் வாங்கவேண்டியவை பாலும் காயும். மாதச் சாமானுக்குரிய பணத்தை முதல் வாரத்தில் செலவிட்டு முடித்துவிடலாம். காய்க்குரிய பணத்தையோ நான்காகப் பிரித்து நான்கு உறைகளில் இடவேண்டும். இரண்டும் ஒரே பையில் கிடந்தால், முதல் வாரத்துக் காய்ச்செலவு நான்காம் வாரத்துக் காயைத் தின்றுவிடும்.

மூன்றாவது, அடுப்பங்கரையில் ஒரே டம்ளர், ஒரே கரண்டி. அரிசிக்கு ஒரு டம்ளர், பருப்புக்கு ஒரு சிறு டம்ளர் என்று நிலைநாட்டி, அந்த டம்ளர் எத்தனை கிராம் கொள்ளும் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால் ஆழாக்கு திரும்பவும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் மாதம் 10ஆம் தேதியும் 20ஆம் தேதியும் டப்பாவைப் பார்த்தாலே போதும். மூன்றில் ஒரு பங்கும் மூன்றில் இரண்டு பங்கும் தீர்ந்திருக்கின்றனவா என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

நான்காவது, எழுதிவைக்கவேண்டும். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண்மணி 1904இல் குடும்பக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அந்நாட்டின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று போற்றப்படுபவர் அவர். செலவுக்குப் பின் வருந்துவதைவிடச் செலவுக்கு முன் வகுத்துக்கொள்வதே முறை என்ற எண்ணத்தைப் பல தலைமுறைக் குடும்பங்களில் அது பரப்பியது. நமக்கும் அச்சிட்ட புத்தகம் வேண்டுமென்பதில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கங்கள் போதும்.

இவ்வளவும் செய்தும் பணம் எங்கே ஒழுகுகிறது என்று கேட்பீர்களானால், அரசாங்கத்தின் புள்ளிவிவரம் விடை கூறுகிறது. 2023 ஆகஸ்டு முதல் 2024 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நம் நாட்டு நகரக் குடும்பங்கள் மொத்தச் செலவில் 39.68 சதவீதத்தையும், கிராமக் குடும்பங்கள் 47.04 சதவீதத்தையும் உணவுக்குச் செலவிடுகின்றன. அவ்வுணவுச் செலவில் மிகப் பெரிய பகுதி அரிசிக்கோ பாலுக்கோ அன்று. பானங்கள், சிற்றுண்டிகள், பொட்டலத்தில் வரும் தயாரித்த உணவுகள் ஆகியவற்றுக்கே. நகரங்களில் மொத்தச் செலவில் 11.09 சதவீதம் இவற்றுக்குப் போகிறது. தானியங்களுக்கு ஆவது 5 சதவீதத்திற்கும் குறைவு. அரிசிக் கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடிவிட்டு, திரும்பும் வழியில் பொட்டலங்களுக்கு இருநூறு ரூபாய் தந்துவிட்டு வருகிறோம் என்பதே இதன் பொருள்.

பொட்டலத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். சில பண்டங்களைக் குறித்த அளவுகளில்தான் பொட்டலமிடவேண்டும் என்ற விதி முன்னர் இருந்தது. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை நீக்கிவிட்டது. ஆகவே விலை மாறாமலே எடை குறையக்கூடும். பத்து ரூபாய்ப் பொட்டலம் பத்து ரூபாயாகவே இருக்க, உள்ளே இருப்பது சுருங்கும். அதே திருத்தம் நமக்கு ஓர் ஆயுதத்தையும் அளித்திருக்கிறது. கிராமுக்கு என்ன விலை, கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிடவேண்டும் என்று அது விதித்தது. சிறிய எழுத்துத்தான், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாவது படிக்கவேண்டிய எழுத்து அது.

அடுத்து, விலை திடீரென்று துள்ளும் காலங்கள். 2023 ஜூலையில் தக்காளி பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை நாம் மறந்திருக்க முடியாது. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரி உயர்ந்தபோது எண்ணெய் விலையும் உயர்ந்தது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு வரி குறைக்கப்பட்டது. இவற்றை நாம் தடுக்க இயலாது. ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு மாற்றைப் பழக்கி வைத்துக்கொள்ள இயலும். மாதேஸ்வரன் மலையடிவாரத்து மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளைகின்றன. துவரை விலையேறும்போது அங்கே 'ஹுரளி' என்று வழங்கும் கொள்ளுச் சாறு அடுப்பேறும். தக்காளி விலையேறினால் காட்டுப்புளி இருக்கிறது. மாற்று உணவு என்பது அங்கே பஞ்சகால உணவன்று, பருவகால உணவு.

கேழ்வரகைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கன்னட நாட்டில் அதற்கு 'ராகி' என்று பெயர். பூச்சி எளிதில் அண்டாத தானியம் அது. மைசூர்ச் சீமையில் நிலத்தடியில் 'ஹகேவு' என்னும் குழிகளை அமைத்து ஆண்டுக்கணக்கில் அதனைச் சேமித்து வைத்தார்கள். ஒரு மழை தவறினாலும் ஊர் பட்டினி கிடவாமல் காத்தது அந்தக் குழி. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் இருப்பது அதன் ஒரு சிறு பகுதியே. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பிற மாநிலத்தில் வாழும் நாம், ஊரிலிருந்து வரும் குறிப்பிட்ட அரிசியே வேண்டும் என்று இருமடங்கு விலை தருவதுண்டு. பண்டிகைக்கும் விருந்துக்கும் அது இருக்கட்டும். வாரத்தில் இரண்டு வேளையாவது, நாம் வாழும் மண்ணில் விளைவதை உண்ணப் பழகுவோம். மராட்டியத்தில் சோளமும், வடநாட்டில் கோதுமையும், கன்னட நாட்டில் ராகியும் அங்கங்கே மலிவு. உள்ளூர்ச் சந்தையில் பருப்பை 'பேளே' என்றும், வெல்லத்தை 'பெல்ல' என்றும், கடுகை 'ஸாசிவே' என்றும் கேட்கத் தெரிந்தவருக்கும், தெரியாமல் விரலால் சுட்டிக்காட்டுபவருக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. மொழி கற்பதும் சிக்கனத்தில் ஒரு பகுதியே.

குறைந்த வருவாயில் வெளிமாநிலத்துக்கு வேலைதேடிச் சென்றிருக்கும் நம் சகோதரர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன்கீழ் வரும் குடும்ப அட்டை உடையவர்கள், தங்களுக்குரிய தானியத்தை நாட்டின் எந்த மாநிலத்து நியாயவிலைக் கடையிலும் பெறலாம். 2019இல் சில மாநிலங்களில் தொடங்கிய இத்திட்டம் 2022 ஜூனில் நாடு முழுவதும் நிறைவேறியது. ஆதார் எண்ணோடு கைரேகை பொருந்தினால் போதும். குடும்பத்தில் ஒரு பகுதியினர் ஊரிலும் மற்றவர் வேலையிடத்திலும் பிரித்துப் பெறவும் வழியுண்டு. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. தமிழக அரசு தன் கடைகளில் சலுகை விலையில் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் மட்டும் எல்லை கடந்து வாரா. ஆகவே பணம் வைத்து வாங்கவேண்டியது எது, உரிமையாகப் பெறக்கூடியது எது என்று தெரிந்து ஜாபிதா எழுதவேண்டும்.

கடனைப் பற்றியும் பேசவேண்டும். முன்னாளில் பற்றுவரவு நோட்டு கடைக்காரரிடம் இருந்தது. இன்று கைப்பேசியைக் காட்டினால் சாமான் வருகிறது. பணம் கையை விட்டுப் போவதே தெரிவதில்லை. வசதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு எதுவும் வந்துவிடும் என்ற நம்பிக்கை, "எத்தனை நாளைக்கு?" என்னும் கேள்வியை நம் வீடுகளிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. மலைச்சாலை அந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கும். சமவெளியில் நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். வாரத்தில் ஒருநாள் தவிர மற்ற நாட்களில் மளிகை வாங்குவதில்லை என்று விதித்துக்கொண்டால், அதுவே நம் வீட்டுக்கு ஒரு மலைச்சாலையாகும்.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன கடைசிப் பங்கைப் பற்றி. அய்க்ராய்டின் கணக்கில் மனைவிக்கு 0.8 பங்கு என்று கேட்டோம். அந்தப் பங்காவது நம் வீடுகளில் முழுமையாகச் சேர்கின்றதா? மாதக் கடைசியில் பால் குறைந்தால் யாருடைய காப்பி குறைகிறது? காய் குறைந்தால் யாருடைய இலையில் அது இல்லாமற்போகிறது? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்று தெரியவந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் கடைசியில் உண்ணும் வழக்கம் ஒரு காரணம் அன்று என்று யாரும் துணிந்து சொல்லமுடியாது. செலவு குறித்த வரம்புக்குள் நின்றது என்று ஒரு வீட்டில் மகிழ்ச்சியடையும்போது, யார் வயிற்றைக் குறைத்து அது நின்றது என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒருவர் பட்டினியால் சமனாகும் கணக்கு, சமனான கணக்கன்று. அந்தக் கடனுக்கு வட்டி மருத்துவச் செலவாக வரும்.

ஆகவே ஜாபிதா எழுதும்போது வீட்டிலுள்ள அனைவரும் அமர்ந்து எழுதுவது நன்று. சம்பாதிப்பவர் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கணக்குக் கேட்பது மேலதிகாரியின் முறை, குடும்பத்தின் முறையன்று. பருப்பு எத்தனை நாளைக்கு, பால் யார் யாருக்கு எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு, எதிர்பாராத விருந்தினருக்கு ஒதுக்குவது எவ்வளவு என்று பிள்ளைகளும் கேட்க எழுதினால், இரண்டாம் வாரத்தில் பொட்டலம் வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் தனியே விளக்கம் சொல்லவேண்டியிராது. ஒரு பண்டம் முன்னதாகத் தீர்ந்துபோனாலும், யார்மேல் குற்றம் என்று தேடாமல், மாற்றாக எது இருக்கிறது என்று அனைவரும் சேர்ந்து பார்ப்பார்கள்.

மாதேஸ்வரன் மலைக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்கள், வழியில் எத்தனை நாள், உடன் வருவோர் எத்தனை பேர், மூட்டையில் எவ்வளவு மாவு என்று வீட்டிலேயே கணித்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். மூட்டை மிகையானால் தோள் நோகும்; குறைந்தால் வழியில் வயிறு நோகும். நம்முடைய மாதமும் முப்பது நாள் நடை. அளவறிந்து கட்டிய மூட்டையோடு, உடன் நடப்பவர் எவரையும் பசியோடு விடாமல், முப்பதாம் நாள் மாலையில் நிம்மதியாக இறக்கிவைப்போமாக.